மதிப்பெண் வருவதற்கு முன்பே: சிங்கப்பூரில் மேற்படிப்புச் சேர்க்கைக்குப் பிள்ளையைத் தயார்செய்ய ஒரு முழு வழிகாட்டி

ஜனவரி நடுவில் உயர்நிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான ஓ லெவல் முடிவு வெளியாகும். அன்றைக்கே தொடக்கக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஇ எல்லாவற்றுக்கும் சேர்த்து நடக்கும் கூட்டுச் சேர்க்கைக்கான இணைய விண்ணப்பமும் திறந்துவிடும். அது திறந்திருப்பது சுமார் ஐந்து நாள்தான். அதற்குள் பன்னிரண்டு தெரிவுகளை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். நம் வீடுகள் பலவற்றில் "அடுத்து என்ன படிக்கப் போறே?" என்ற பேச்சே அந்த ஐந்து நாளில்தான் தொடங்குகிறது. மாமா ஒன்று சொல்வார், அத்தை ஒன்று சொல்வார், வாட்ஸ்அப்பில் யாரோ கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளிப் பட்டியலை அனுப்புவார்கள். பிள்ளை ஏதோ ஒன்றை முதலில் போட்டு அனுப்பிவிடும்.

விண்ணப்பப் படிவத்தை நிரப்ப அரை மணி நேரம் போதும். அதில் என்ன எழுதுவது என்று தெரிவதற்கு இரண்டு ஆண்டுகள் வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளில் யாரிடம் போவது, என்ன கேட்பது, எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பதை உயர்நிலை 2 முதல் பல்கலைக்கழகம் வரை வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் படி: பள்ளியில் யாரிடம் போவது

அரசாங்கப் பள்ளிகளில் இரண்டு விதமான ஆலோசகர்கள் உண்டு. பெற்றோர் பலர் இருவரையும் ஒருவராகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒருவர் பள்ளி ஆலோசகர். மனச்சோர்வு, தேர்வுப் பதற்றம், வீட்டுச் சிக்கல், நண்பர்களோடு தகராறு போன்றவற்றுக்கு அவரிடம் போக வேண்டும். இன்னொருவர் கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி ஆலோசகர். பள்ளிகளில் சுருக்கமாக இசிஜி ஆலோசகர் என்பார்கள். மேற்படிப்பு, பாடத் தேர்வு, நேர்முகத் தேர்வுப் பயிற்சி எல்லாம் இவருடைய வேலை. உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி (ஜேசி), பாலிடெக்னிக், ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) என்று எல்லா இடத்திலும் இந்தச் சேவை உண்டு. கட்டணம் கிடையாது.

"கவுன்சிலரிடம் போனால் பிள்ளைக்கு ஏதோ கோளாறு" என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அதனால்தான் டியூஷனுக்கு மாதாமாதம் பணம் கட்டும் குடும்பங்கள்கூட, பள்ளிக்குள்ளேயே இலவசமாக உட்கார்ந்திருக்கும் ஒருவரை நான்கு ஆண்டுகளில் ஒரு தடவையும் பார்ப்பதில்லை. ஒரே ஆலோசகர் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளைக் கவனிப்பதும் உண்டு. அதனால் அவர் எந்தெந்த நாளில் வருவார், சந்திப்புக்கு எப்படிப் பதிவு செய்வது என்பதை வகுப்பாசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வெளியாகும் வாரத்தில் அவரைப் பிடிப்பது கடினம். ஏப்ரலில் போனால் நிதானமாகப் பேசலாம்.

இரண்டாம் படி: உயர்நிலை 2, யாரும் கவனிக்காத திருப்பம்

மேற்படிப்பின் முதல் முடிவு உயர்நிலை 2 கடைசியில் எடுக்கப்படுகிறது. மேல் உயர்நிலைக்கான பாடங்களை அப்போதுதான் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே விட்ட பாடம் பிறகு எளிதில் திரும்பி வராது.

பின்னாலிருந்து முன்னால் பார்த்தால் இது புரியும். உள்ளூரில் மருத்துவம் படிக்க, ஜேசி முடிவில் எழுதும் மேல்நிலைத் தேர்வில் (ஏ லெவல்) எச்2 வேதியியலும் (எச்2 என்பது முழுப் பாடம், எச்1 அதில் பாதி), அதோடு எச்2 உயிரியல் அல்லது இயற்பியலும் வேண்டும். பொறியியலுக்கு எச்2 கணிதம் வேண்டும். எச்2 கணிதத்தைச் சமாளிக்க, உயர்நிலையில் கூடுதல் கணிதம் படித்திருப்பது பெரும் உதவி. ஆக, பதினான்கு வயதில் "ஏ மேத்ஸ் வேண்டாம்மா, கஷ்டமா இருக்கு" என்று பிள்ளை சொல்வது வெறும் பாடப் பேச்சாக இருக்காது. சரி, அதற்காகக் கணக்கு வராத பிள்ளையை அதில் தள்ள வேண்டியதில்லை. எந்தக் கதவு மூடுகிறது என்று தெரிந்து மூடினால் போதும்.

2024ல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிடமிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. ஜி1, ஜி2, ஜி3 என்று (ஜி3தான் கடினமான நிலை) ஒவ்வொரு பாடத்தையும் பிள்ளையின் திறனுக்கேற்ற நிலையில் படிக்கலாம். தமிழில் வலுவான பிள்ளை தமிழை ஜி3 நிலையிலும் கணிதத்தை ஜி2 நிலையிலும் படிக்க முடியும். எந்தப் பாடத்தை எந்த நிலையில் எடுத்தால் பின்னால் எந்தப் படிப்புக்குப் போகலாம் என்பதுதான் இசிஜி ஆலோசகரிடம் இந்த ஆண்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மூன்றாம் படி: இசிஜி சந்திப்பை உருப்படியாகப் பயன்படுத்துவது

வெறுங்கையோடு போகும் பிள்ளையிடம் ஆலோசகர் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்பார். "தெரியல" என்று பதில் வரும். நேரம் அதிலேயே போய்விடும். ஆகவே போவதற்கு முன் வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது.

கல்வி அமைச்சின் மாணவர்களுக்கான மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் ஆர்வங்களைக் கண்டறியும் வினாப்பட்டியல் உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் வகுப்பிலேயே செய்ய வைத்திருப்பார்கள். பிள்ளை அவசரமாகக் கிளிக் செய்துவிட்டு மறந்திருக்கும். அதை மறுபடி நிதானமாகச் செய்யச் சொல்லுங்கள். கைவேலையில் ஈடுபாடா, ஆராய்வதிலா, கலையிலா, மனிதர்களோடு பழகுவதிலா, வழிநடத்துவதிலா, ஒழுங்குபடுத்துவதிலா என்று ஆறு வகையாக முடிவு வரும். இதை ஜாதகம்போல நம்பிவிட வேண்டாம். பேச்சைத் தொடங்க ஒரு பிடி கிடைக்கும், அவ்வளவுதான்.

அதன்பின் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள். நேரம் போவதே தெரியாமல் செய்த வேலை எது? மதிப்பெண் நன்றாக வந்தாலும் பிடிக்காத பாடம் எது? ஐந்து ஆண்டு கழித்து எந்த மாதிரி இடத்தில் வேலை செய்வதாக நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது? மூன்றாவது கேள்விக்குத்தான் பிள்ளைகள் சட்டென்று பதில் சொல்வார்கள். "ஆபீஸ்ல நாள் பூரா உட்கார முடியாது" என்று பிள்ளை எழுதினால், அது ஆலோசகருக்குப் பெரிய துப்பு.

இந்தத் தாள், கடைசி இரண்டு தேர்ச்சி அறிக்கை, இணைப்பாட நடவடிக்கை விவரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போகட்டும். முதல் சந்திப்புக்குப் பிள்ளை தனியாகப் போவது நல்லது என்பது என் கருத்து. அப்பா பக்கத்தில் இருந்தால் பிள்ளை அப்பாவுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும். இரண்டாவது சந்திப்பில் பெற்றோரும் கலந்துகொள்ளலாமா என்று பள்ளியைக் கேளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு நடக்கும் பேச்சில்தான் காரியம் கெடுகிறது. இப்படித்தான் பெரும்பாலும் போகும்:

"அம்மா, மிஸ் என்னை டிசைன் கோர்ஸ் பார்க்கச் சொன்னாங்க."

"ஜேசி போற மார்க் வரும்போது எதுக்குமா பாலி?"

அத்தோடு பேச்சு முடிந்தது. பிள்ளை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அதற்குப் பதிலாக, "சரி, அந்த கோர்ஸ்ல முதல் வருஷம் என்னென்ன பாடம்? படிச்சவங்க எங்க வேலை பார்க்கறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குப் பதில் தெரியாவிட்டால் தேடும். தேடினால் ஒன்று ஆர்வம் உறுதியாகும், இல்லையென்றால் தானே விட்டுவிடும். இரண்டுமே நமக்கு லாபம்தான்.

ஜேசி இரண்டு ஆண்டு; அதே மேல்நிலைத் தேர்வுக்குத் தயார்செய்யும் மில்லெனியா கல்வி நிலையத்தில் மூன்று ஆண்டு; பாலிடெக்னிக் மூன்று ஆண்டு. ஜேசி தேர்வை நோக்கி ஓடுகிற இடம். பல பாடங்களை ஆழமாகப் படித்து, கடைசியில் ஒரே தேர்வில் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். பாலிடெக்னிக்கில் முதல் பருவத்திலிருந்தே ஒவ்வொரு பாடமும் ஜிபிஏ என்ற சராசரிப் புள்ளியில் சேரும். செய்முறைப் பணி, குழுப்பணி, வேலையிடப் பயிற்சி எல்லாம் உண்டு. கடைசி நேரத்தில் உட்கார்ந்து படித்துத் தேறும் பிள்ளைக்குப் பாலிடெக்னிக் சிரமம். தேர்வு மண்டபத்தில் கை நடுங்கும் பிள்ளைக்கு ஜேசி சிரமம். உறவினரிடம் எதைச் சொன்னால் கௌரவம் என்பதைவிட, உங்கள் பிள்ளை எந்த மாதிரி என்பதை முதலில் பாருங்கள். தீபாவளி பல ஆண்டுகளில் ஓ லெவல் தாள்களுக்கு நடுவில்தான் வருகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே "எந்த ஜேசி?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதற்காக ஒரு பிள்ளையின் மூன்று ஆண்டைச் செலவழிக்க முடியாது.

நான்காம் படி: புள்ளிக் கணக்கு

ஓ லெவலில் புள்ளி குறைந்தால் நல்லது. ஏ1 என்றால் 1, ஏ2 என்றால் 2, பி3 என்றால் 3. ஜேசிக்கு எல்1ஆர்5 கணக்கு: முதல் மொழி ஒன்று, அதோடு தொடர்புடைய பாடங்கள் ஐந்து. இணைப்பாட நடவடிக்கை போன்றவற்றுக்குக் கிடைக்கும் போனஸ் புள்ளியைக் கழித்த பிறகு 20 அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. முதல் மொழி என்ற இடத்தில் ஆங்கிலத்துக்குப் பதிலாக உயர்தமிழைக் கணக்கிடலாம். ஒரு மாணவி ஆங்கிலத்தில் பி4, உயர்தமிழில் ஏ2, இணைந்த மானுடவியலில் பி3, கணிதத்தில் ஏ2, கூடுதல் கணிதத்தில் பி3, வேதியியலில் பி3, இயற்பியலில் பி3 வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உயர்தமிழை முதல் மொழியாக எடுத்தால் 2+3+2+3+3+3 = 16. இணைப்பாட நடவடிக்கைக்கு 2 போனஸ் கிடைத்தால் 14. ஆங்கிலத்தை முதல் மொழியாக எடுத்து, உயர்தமிழை மற்ற ஐந்தில் ஒன்றாகச் சேர்த்திருந்தால் 15. ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜேசியே மாறிப்போகும். உயர்தமிழில் டி7 வாங்கினாலே ஜேசியில் தாய்மொழி நிபந்தனை நிறைவேறிவிடும். எச்1 தமிழ் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

பாலிடெக்னிக்குக்கு இஎல்ஆர்2பி2 கணக்கு: ஆங்கிலம், தொடர்புடைய பாடங்கள் இரண்டு, சிறந்த பாடங்கள் இரண்டு. ஓ லெவல் முறையில் பெரும்பாலான படிப்புகளுக்கு இது 26க்குள் இருக்க வேண்டும். "தொடர்புடைய" பாடம் எது என்பது படிப்புக்குப் படிப்பு மாறும். அதனால் ஒரே பிள்ளைக்குப் பொறியியலுக்கு ஒரு புள்ளியும் ஊடகப் படிப்புக்கு வேறொரு புள்ளியும் வரலாம். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு எல்லாப் படிப்புகளின் வெட்டுப்புள்ளியோடும் ஒப்பிடாதீர்கள்.

வெட்டுப்புள்ளி பற்றி இன்னொன்று. அது கடந்த ஆண்டு கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி. எத்தனை இடம் இருந்தது, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை மட்டுமே அது காட்டும். படிப்பு நல்லதா, வேலை கிடைக்குமா என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. "10 புள்ளி வாங்கிவிட்டு 18 புள்ளிப் படிப்புக்குப் போவதா, வீணாகிவிடாதா?" என்று கேட்பவர்களை நிறையப் பார்க்கிறேன். எதுவும் வீணாகாது. அந்தப் பிள்ளை வகுப்பில் முன்னணியில் இருக்கும், ஜிபிஏ நன்றாக வரும், பல்கலைக்கழகக் கதவு அகலமாகத் திறக்கும்.

2027 முதல் ஓ லெவல், என் லெவல் இரண்டுக்கும் பதிலாக ஒரே சான்றிதழ்த் தேர்வு வருகிறது. அதை எழுதி 2028ல் ஜேசி சேர்பவர்களுக்கு எல்1ஆர்5 இல்லை. எல்1ஆர்4 கணக்கு, 16க்குள் இருக்க வேண்டும், போனஸ் அதிகபட்சம் 3. அண்ணன், அக்காவுக்குப் போட்ட கணக்கைத் தம்பி, தங்கைக்குப் போடாதீர்கள்.

ஐந்தாம் படி: முன்கூட்டியே திறக்கும் கதவுகள்

தேர்வு முடிவுக்கு முன்பே இடம் வாங்கிக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஜேசிக்கு நேரடிப் பள்ளிச் சேர்க்கை. விளையாட்டு, கலை, தலைமைத்துவம் போன்றவற்றில் தனித் திறமை உள்ளவர்களுக்கு. பாலிடெக்னிக்குக்கும் ஐடிஇக்கும் முன்கூட்டிய சேர்க்கைத் திட்டம், சுருக்கமாக இஏஇ. இந்த விண்ணப்பங்கள் தேர்வு ஆண்டின் நடுப்பகுதியில் வந்துவிடும். பாலிடெக்னிக் இஏஇ ஜூன் கடைசியை ஒட்டித் திறக்கும். ஜூன் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் தேதியைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இஏஇ இடத்தை ஏற்று உறுதிசெய்துவிட்டால், ஜனவரியில் கூட்டுச் சேர்க்கையில் கலந்துகொள்ள முடியாது. நேரடிச் சேர்க்கையும் அப்படித்தான். "எதற்கும் ஒன்று போட்டு வைப்போம், நல்ல மார்க் வந்தால் மாற்றிக்கொள்ளலாம்" என்ற யோசனை இங்கே செல்லாது. அந்தப் படிப்பு உண்மையிலேயே வேண்டும் என்றால் மட்டும் போங்கள்.

இஏஇ விண்ணப்பத்தில், ஏன் இந்தப் படிப்பு என்று சில வரி எழுத வேண்டும். எழுதக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. தாதிமைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஒரு பிள்ளை இப்படி எழுதலாம்: "சிறுவயதிலிருந்தே பிறருக்கு உதவுவதில் எனக்கு மிகுந்த ஆர்வம். தாதிமை ஓர் உன்னதமான பணி. கடினமாக உழைப்பேன்." இதைப் படிப்பவருக்கு எழுதியவரைப் பற்றி ஒன்றும் தெரியவராது. அதே பிள்ளை இப்படியும் எழுதலாம்: "பாட்டி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். வீடு திரும்பியதும் அவருடைய எடையையும் ரத்த அழுத்தத்தையும் நோட்டில் குறிப்பது என் பொறுப்பு. ஒரு நாள் அழுத்தம் மிகக் குறைந்திருந்ததால் நிலையத் தாதியை அழைத்தேன். அவர் கேட்ட நான்கு கேள்விகளில் இரண்டுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாளிலிருந்து அந்த இரண்டையும் நோட்டில் சேர்த்துக்கொண்டேன்."

ஆர்வம் என்ற வார்த்தையே இதில் இல்லை. ஆனால் கவனம், பொறுப்பு, கற்றுக்கொள்ளும் பழக்கம் மூன்றும் தெரிகின்றன. இந்த மாதிரி ஒரு சம்பவம் உங்கள் பிள்ளையிடமும் இருக்கும். அது பிள்ளையின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. கடையில் அப்பாவுக்குக் கணக்கெழுதுவது, கோயில் தொண்டூழியத்தில் வரிசையைச் சமாளித்தது, தம்பிக்காகச் சைக்கிள் சங்கிலியை மாற்றியது என்று கிளறிக் கேட்டால்தான் வெளியே வரும். பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இந்தக் கிளறல்தான். எழுதிக் கொடுப்பது உதவியாகாது. நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

நேர்முகத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல். பெரியவர்கள் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்து ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வதை மரியாதை என்று பழக்கியிருக்கிறோம். எதிரே இருப்பவருக்கு அது ஆர்வமின்மையாகத் தெரியும். வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே பழகலாம்: ஒரு கேள்வி, பதிலில் குறைந்தது ஓர் எடுத்துக்காட்டு, பதில் முடியும்வரை கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். அப்புறம் இசிஜி ஆலோசகரிடம் ஒரு மாதிரி நேர்முகம் கேட்டு வாங்குங்கள். பிறர் முன்னால் ஒரு தடவை தடுமாறிவிட்டால் அடுத்த தடவை பயம் பாதியாகக் குறையும்.

சில படிப்புகளுக்கு உடல்நல நிபந்தனை உண்டு. வண்ணப் பார்வைக் குறைபாடு இருந்தால் சேர முடியாத படிப்புகள் இருக்கின்றன. விண்ணப்பிப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கநிலை வழியாக வந்தவர்களுக்குப் பாலிடெக்னிக் அடித்தளத் திட்டம் என்ற ஓராண்டுப் பாதை இருக்கிறது. ஐடிஇயில் ஹையர் நைடெக் என்ற சான்றிதழ்ப் படிப்பை முடித்துப் பாலிடெக்னிக், அங்கிருந்து பல்கலைக்கழகம் என்று போனவர்கள் நம் சமூகத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆண்டு கூடும், உண்மைதான். அதற்கு ஈடாகக் கையில் வேலை தெரியும்.

ஆறாம் படி: அந்த ஐந்து நாள்

இதற்குள் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். முடிவு வந்த மாலையில் பேச வேண்டாம். பிள்ளை சாப்பிட்டுத் தூங்கட்டும். மறுநாள் உட்காருங்கள்.

பன்னிரண்டு தெரிவுகளில் முதல் இடத்தில் உண்மையிலேயே விரும்புவதைப் போடுங்கள், புள்ளி சற்று எட்டாததாக இருந்தாலும். இடம் ஒதுக்குவது புள்ளி அடிப்படையில். முதல் தெரிவு கிடைக்கவில்லை என்பதற்காக இரண்டாவது தெரிவில் உங்களைப் பின்னுக்குத் தள்ள மாட்டார்கள். நடுவில் புள்ளிக்குப் பொருந்தும் தெரிவுகள், கடைசி மூன்று நான்கில் நிச்சயம் கிடைக்கக்கூடியவை. பன்னிரண்டையும் நிரப்புங்கள். ஆனால் கிடைத்தால் போக மாட்டேன் என்று நினைக்கும் எதையும் போடாதீர்கள். அதுவே கிடைத்துத் தொலைக்கும். ஜனவரியில் நடக்கும் பாலிடெக்னிக், ஜேசி பொது வரவேற்பு நாள்களுக்குப் போனால் பிரசுரத்தைவிட அங்கே நிற்கும் மூத்த மாணவர்களிடம் பேசுங்கள். "இந்தப் படிப்பில் எதுக்காக ஆட்கள் பாதியில் விடறாங்க?" என்று கேளுங்கள். பளிச்சென்று பதில் வரும்.

எதிர்பார்த்த மதிப்பெண் வராத பிள்ளை பேசாமல் இருந்தால் கவனியுங்கள். பள்ளி ஆலோசகர் இருக்கிறார். நள்ளிரவிலும் பேச, தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767 எண் இருக்கிறது.

ஏழாம் படி: பல்கலைக்கழகம்

தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறு: என்யுஎஸ், என்டியு, எஸ்எம்யு, எஸ்யுடிடி, எஸ்ஐடி, எஸ்யுஎஸ்எஸ். லாசால், நாஃபா இரண்டும் சேர்ந்து உருவான கலைப் பல்கலைக்கழகம் 2024ல் வந்தது. மேல்நிலைத் தேர்வு முடிவு பிப்ரவரி கடைசியில் வரும். விண்ணப்பம் மார்ச்சில் மூடிவிடும்.

2026 சேர்க்கையிலிருந்து மதிப்பெண் கணக்கு மாறியிருக்கிறது. முன்பு 90, இப்போது 70. மூன்று எச்2 பாடங்களுக்கு 60, பொதுத்தாளுக்கு 10. நான்காம் பாடமும் தாய்மொழியும் மொத்தத்தை உயர்த்தினால் மட்டுமே சேர்ப்பார்கள். திட்டப்பணிக்குத் தேர்ச்சி இருந்தால் போதும். எச்2வில் ஏ என்றால் 20, பி 17.5, சி 15. ஒரு மாணவர் எச்2வில் ஏ, பி, பி, பொதுத்தாளில் பி வாங்கினால் 20+17.5+17.5+8.75 = 63.75. நான்காம் பாடத்தில் சி, அதாவது 7.5 என்றால், 71.25ஐ 80லிருந்து 70க்கு மாற்றும்போது சுமார் 62.3 வரும். குறைகிறது, ஆகவே விட்டுவிடுவார்கள். அதுவே ஏ என்றால் சுமார் 64.5. ஆகவே நான்காம் பாடத்தால் நஷ்டம் இல்லை. அதற்காக இரவெல்லாம் விழித்து எச்2 பாடத்தைக் கோட்டைவிடுவதுதான் நஷ்டம்.

பல்கலைக்கழகங்கள் வெளியிடும் பட்டியலில் ஒவ்வொரு படிப்புக்கும் 10ஆம், 90ஆம் சதமான நிலைகளில் இருந்தவர்களின் தேர்ச்சி இருக்கும். 10ஆம் சதமானம் என்பது சேர்ந்தவர்களில் கீழ்ப்பகுதியில் இருந்தவரின் நிலை. அதற்கும் குறைவாக வாங்கிச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். பாலிடெக்னிக் பட்டயதாரிகளுக்கு இதே பட்டியல் ஜிபிஏவில் தனியாக உண்டு. ஜேசி நண்பரின் பட்டியலைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சற்றுக் குறைவாக இருப்பவர்கள் திறன் அடிப்படையிலான சேர்க்கையைக் கேட்கலாம். மூன்றாம் ஆண்டு பாலிடெக்னிக் திட்டப்பணி, வேலையிடப் பயிற்சியில் கிடைத்த பரிந்துரை போன்றவை அங்கே பேசும்.

மருத்துவத்துக்கு மதிப்பெண்ணோடு யுகேட் என்ற நுழைவுத் தேர்வும் வேண்டும். சட்டத்துக்கு நேர்முகம் உண்டு, என்யுஎஸ்ஸில் எழுத்துத் தேர்வும் உண்டு. பையன்கள் தேசிய சேவைக்குப் போவதற்கு முன்பே விண்ணப்பித்து இடத்தைப் பிடித்து வைக்கலாம். சேவை முடியும்வரை உள்ளூர்ப் பல்கலைக்கழகம் இடத்தை வைத்திருக்கும். புத்தகத்தை மறந்த பிறகு விண்ணப்பம் எழுதுவதைவிட இது சுலபம்.

தமிழில் மேலே போக விரும்பும் பிள்ளைக்கு வழி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எச்2 தமிழ்மொழியும் இலக்கியமும் இருக்கிறது. எஸ்யுஎஸ்எஸ்ஸில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆசிரியராக வேண்டும் என்றால் தேசியக் கல்விக் கழகமும் கல்வி அமைச்சின் உபகாரச் சம்பளமும் இருக்கின்றன. "தமிழ் படித்து என்ன செய்வது?" என்று பிள்ளையின் வாயை அடைப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

எட்டாம் படி: வெளிநாடு என்றால்

பிரிட்டனுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு அக்டோபர் 15, மற்றவற்றுக்கு ஜனவரி. மேல்நிலைத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதே முதல் கெடு வந்துவிடும். 2026 சேர்க்கையிலிருந்து சுயவிவரக் கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள். மொத்தம் 4,000 எழுத்துக்குறிகள். அமெரிக்காவுக்குக் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக 650 சொல் கட்டுரை, ஆசிரியர் பரிந்துரை, பள்ளி ஆலோசகரின் கடிதம் எல்லாம் வேண்டும். பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள். ஜேசி முதலாண்டு முடியும்போதே எந்த ஆசிரியரிடம் கேட்பது என்று முடிவெடுத்து, நீங்கள் செய்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுங்கள்.

இந்தியாவில் மருத்துவம் என்ற யோசனை நம் வீடுகளில் அடிக்கடி எழும். நீட் தேர்வு எழுத வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அதைவிட முக்கியமானது, அந்தக் கல்லூரி சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா என்பது. அந்தப் பட்டியல் 2020ல் 160லிருந்து 103ஆகக் குறைந்தது. பணம் கட்டுவதற்கு முன் பட்டியலில் கல்லூரியின் பெயரைக் கண்ணால் பாருங்கள். முகவர் சொல்வதை நம்பிக் கட்டாதீர்கள்.

பையன்களுக்குப் பொதுவாகப் பட்டப்படிப்புக்காகத் தேசிய சேவையைத் தள்ளிவைக்க அனுமதி கிடைப்பதில்லை. ஆகவே அந்தப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு இடத்தை வைத்திருக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கட்டணம் வாங்கும் தனியார் ஆலோசகர்கள் இந்த வெளிநாட்டு விண்ணப்பத்தில்தான் அதிகம் வருகிறார்கள். கெடுத் தேதிகளைக் கவனித்துக்கொள்ளவும் கட்டுரைக்குக் கருத்துச் சொல்லவும் சிலர் உதவியாக இருக்கலாம். இடம் வாங்கித் தருவதாக உத்தரவாதம் தருகிறவரை விட்டு எழுந்து வாருங்கள். உள்ளூர் விண்ணப்பத்துக்கு அவர்கள் தேவையே இல்லை.

ஒன்பதாம் படி: பணம்

பள்ளிக் காலத்தில் அரசாங்கம் பணம் போட்ட எடுசேவ் கணக்கில் மிச்சமிருந்தது உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்குப் போயிருக்கும்; அதை முதலில் பாருங்கள். பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு மானியம் போக மிச்சத்தில் 90 விழுக்காடுவரை கட்டணக் கடன் கிடைக்கும். அப்பா, அம்மாவின் மத்திய சேமநிதியிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் அது கடன். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துப் பிள்ளை வட்டியோடு அந்தக் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். பெற்றோரின் ஓய்வுக்காலப் பணம் என்பதைப் பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கடனுக்கு முன் கல்வி உதவிநிதிக்கு விண்ணப்பியுங்கள். வருமானத்தை வைத்துப் பாலிடெக்னிக், பல்கலைக்கழகம் இரண்டிலும் கிடைக்கும். இந்தியச் சமூகத்துக்குச் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) தனியாகத் தருகிறது. 1991ல் தொடங்கிய அமைப்பு. பியேட்டி சாலையில் அலுவலகம். "அது ரொம்பக் கஷ்டப்படறவங்களுக்கு" என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டு கேட்காமல் விடுகிறவர்கள் அதிகம். தகுதி இருக்கிறதா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

உபகாரச் சம்பளம் என்றால் பெரும்பாலும் ஒப்பந்தம் உண்டு. பதினெட்டு வயதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இருபத்தைந்தில் அந்த வேலை பிடிக்காமல் மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். எத்தனை ஆண்டு, முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெளிநாட்டு மாணவராக இங்கே படிக்கும் உறவினர் பிள்ளைகள் கட்டண மானியம் பெற்றால், படிப்புக்குப் பின் மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால்

கூட்டுச் சேர்க்கை முடிவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். புள்ளி அந்த ஆண்டின் வெட்டுப்புள்ளியை எட்டியிருந்து, இடமும் காலியாக இருந்தால் வாய்ப்பு உண்டு. எட்டாதபோது கண்ணீர்க் கடிதம் எழுதிப் பயனில்லை. மேல்முறையீடு நடக்கும்போதே, கிடைத்த இடத்தில் போய்ச் சேர்ந்துவிடுங்கள். அதை விட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகும் முதல் ஆண்டில் படிப்பு மாற்றம் கேட்க வழி இருக்கிறதா என்று அங்குள்ள இசிஜி ஆலோசகரிடம் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் முதல் பருவ ஜிபிஏவைப் பார்ப்பார்கள். ஆகவே பிடிக்காத படிப்பாக இருந்தாலும் அந்தப் பருவத்தை ஒழுங்காகப் படிக்க வேண்டும்.